ஹும்முஸ்: கரிசலுக்கு வந்த கடலையும் கடல் கடந்த எள்ளும்

திருப்பூர்ப் பள்ளிவாசல்களில் ரமளான் மாதத்து மாலைப் பொழுதில் நோன்பாளிகள் முன் வைக்கப்படுவது நோன்புக் கஞ்சி. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் ஒன்றாய்க் குழைந்த அக்கஞ்சி இன்றித் தமிழ் முஸ்லிமின் நோன்பு திறப்பு நிறைவு பெறுவதில்லை. அதே நகரின் உணவகங்களில் அண்மைக் காலமாக மற்றொரு கிண்ணமும் இடம்பிடித்திருக்கிறது. குபூஸ் ரொட்டிக்கும் தணலில் வாட்டிய கோழிக்கும் துணையாக வரும் வெண்ணிறக் குழைவு அது. வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியோர் நாவில் சுமந்து வந்த சுவை. ஹும்முஸ் என்று பெயர். இப்போது அது வீட்டு அடுக்களைக்குள்ளும் நுழைந்துவிட்டது. பீட்ரூட் சேர்த்துச் செந்நிறமாகவும், கொத்தமல்லித் தழை சேர்த்துப் பச்சையாகவும், வறுத்த பூண்டும் மிளகும் கூட்டிக் காரமாகவும் பல சுவைகளில் நம் பெண்மக்கள் அதனைச் செய்கின்றனர்.

இதைக் குறித்து இரு குரல்கள் நம்மிடையே எழுகின்றன. 'இது அரபியரின் உணவு. ஆகவே நம் உணவு. அதில் பீட்ரூட்டையும் பச்சை மிளகாயையும் கலப்பது அதன் தூய்மையைக் கெடுப்பதாகும்' என்பது ஒன்று. 'இது அந்நிய உணவு. நம் பாட்டிமார் தந்த பண்டங்களை ஓரங்கட்ட வந்த அரபுமயமாக்கலின் ஒரு முகம்' என்பது மற்றொன்று. எதிரெதிரே நிற்பவை போலத் தோன்றினும் இரண்டு குரல்களுக்கும் அடித்தளம் ஒன்றே. கலப்பற்ற, தூய, முழுக்க அரபுத்தன்மை கொண்ட ஒரு மூல ஹும்முஸ் எங்கோ இருந்தது என்னும் நம்பிக்கையே அது. அப்படி ஒன்று இருந்ததா என்பதை வரலாற்றிடமே கேட்டுப் பார்ப்பதுதான் முறை.

பெயரும் அதன் தகுதியும்

ஹும்முஸ் என்னும் சொல்லுக்கு அரபியில் கொண்டைக்கடலை என்பதே பொருள். நாம் உண்ணும் குழைவின் முழுப்பெயர் 'ஹும்முஸ் பி தஹீனா'. தஹீனா என்பது அரைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல். அரைத்த எள்ளைக் குறிக்கும். கடலையின் பெயரைச் செவ்வியல் அரபியில் எவ்வாறு ஒலிப்பது என்பதில்கூட இலக்கண அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. மீம் எழுத்துக்கு ஃபத்ஹா இட்டு 'ஹிம்மஸ்' என்பதைக் கூஃபா மரபின் ஸஃலப் தேர்ந்தார். கஸ்ரா இட்டு 'ஹிம்மிஸ்' என்பதைப் பஸ்ரா மரபின் முபர்ரத் தேர்ந்தார். ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதில் ஒரு கடலைக்காக இரு மொழியறிஞர்கள் மல்லுக்கு நின்றிருக்கின்றனர் என்பது சுவையான செய்தி.

திருமறையில் கொண்டைக்கடலையின் பெயர் வெளிப்படையாக இடம்பெறவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 61ஆம் வசனத்தில் பனூ இஸ்ராயீல்கள் கேட்ட நிலத்து விளைபொருள்களின் பட்டியலில் 'ஃபூம்' என்றொரு சொல் வருகிறது. விரிவுரையாளர்களுள் பலர் அதற்குக் கோதுமை என்றும், வேறு சிலர் பூண்டு என்றும் பொருள் கொண்டனர். ஷாம் நாட்டு வழக்கில் அது கொண்டைக்கடலையைக் குறிக்கும் என்ற கருத்தையும் இமாம் குர்துபி தம் தஃப்ஸீரில் பதிவு செய்துள்ளார். எப்படிக் கொண்டாலும் அவ்வசனம் கடலைக்குச் சமயச் சிறப்பு எதையும் வழங்கவில்லை. ஹலாலாகவும் நல்லதாகவும் இருப்பவற்றை உண்ணுங்கள் என்பதுதான் பொதுக்கட்டளை. ஆகவே ஹும்முஸ் உண்பதால் ஒருவரின் மார்க்கப் பற்று கூடுவதுமில்லை, உண்ணாததால் குறைவதுமில்லை. இந்தத் தெளிவோடு நூல்களுக்குள் செல்வோம்.

சமையல் நூல்களின் சாட்சியம்

இஸ்லாமிய நாகரிகம் உலகிற்கு விட்டுச்சென்ற அறிவுச் செல்வங்களுள் சமையல் நூல்களும் அடங்கும். பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த 'கிதாபுத் தபீஹ்' இன்று நமக்குக் கிடைக்கும் அரபுச் சமையல் நூல்களுள் மிகப் பழையது. அதே தலைப்பில் ஹிஜ்ரி 623இல் (கி.பி. 1226) பக்தாதில் முஹம்மத் பின் ஹஸன் அல்பக்தாதி மற்றொரு நூலை எழுதினார். உலக இன்பங்களை உணவு, பானம், உடை, இல்லறம், நறுமணம், இன்னிசை என ஆறாக வகுத்து, அவற்றுள் உணவே தலையாயது என்று நிறுவியவர் அவர். உடையையும் இன்பங்களுள் ஒன்றாக அவர் எண்ணியது திருப்பூர்க்காரர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடும். அவருடைய நூலில் இறைச்சியோடு சேர்ந்து வேகும் பொருளாகக் கடலை பலமுறை வருகிறது.

கடலையை மசித்துக் குளிர்ந்த குழைவாகச் செய்யும் முறை, பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாவில் உருவான 'கிதாபுல் வுஸ்லா இலல் ஹபீப்' என்னும் நூலில் காணப்படுகிறது. ஹலப் நகரத்து வரலாற்றாசிரியர் இப்னுல் அதீம் இதன் ஆசிரியர் எனச் சிலர் கருதுவர். அம்முறையில் வேகவைத்து மசித்த கடலையுடன் காடி, உப்பில் ஊறிய எலுமிச்சை, எண்ணெய், பசுந்தழைகள், மசாலாப் பொருள்கள் ஆகியன சேர்கின்றன. எள் விழுது இல்லை, பூண்டும் இல்லை. இன்று ஹும்முஸின் உயிர்நாடி எனக் கருதப்படும் இரு பொருள்களும் அந்நூலின் குறிப்பில் இல்லை என்பது கருதத்தக்கது.

அடுத்த நூற்றாண்டில், மம்லூக்குகள் ஆண்ட எகிப்தின் சமையல் நூல்களில் 'ஹும்முஸ் கஸா' என்னும் பண்டம் இடம்பெறுகிறது. இங்கே எள் விழுது வந்துவிட்டது. ஆயினும் அது தனியே வரவில்லை. காடி, எண்ணெய், மிளகு, புதினா, இலவங்கப்பட்டை, வறுத்த சீமைச்சோம்பு, கொத்தமல்லி விதை, வாதுமை, பிஸ்தா எனப் பெரும் பரிவாரத்தோடு வருகிறது. எல்லாவற்றையும் கலந்து தட்டையாகப் பரப்பி, ஓரிரவு வைத்திருந்து மறுநாள் உண்ண வேண்டும் என்கிறது குறிப்பு. எலுமிச்சைச் சாறு, பூண்டு, எள் விழுது, உப்பு என எளிமைப்பட்ட இன்றைய வடிவம் இவற்றுக்கெல்லாம் பிற்பட்டது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாது? பலவகைச் சுவை கூட்டிய ஹும்முஸ் நம் காலத்தின் கண்டுபிடிப்பு அன்று. எழுத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஹும்முஸே சுவைகூட்டிய ஹும்முஸ்தான். 'தூயது' என்று இன்று நாம் எண்ணும் வடிவமே பிந்தியது. திருப்பூர் வீட்டில் கொத்தமல்லியும் மிளகும் சேர்த்து அரைக்கும் பெண்மணி, தம்மை அறியாமலே, ஹலபிலும் கெய்ரோவிலும் இருந்த பழைய வழக்கத்திற்கு அருகில் நிற்கிறார்.

இவ்விடத்தில் ஒரு தவறான கருத்தையும் களைந்துவிடுவது நலம். ஹும்முஸை முதன்முதலில் செய்தவர் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி என்று பலர் சொல்லக் கேட்கிறோம். இதற்கு அவர் காலத்து நூல் ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை. பைத்துல் முகத்தஸை மீட்ட பெருமகனுக்குப் பெருமை சேர்க்க ஒரு கிண்ணக் கடலை தேவையில்லை. அவருடைய அவையோடு உணவு வரலாற்றுக்கு உறுதியான தொடர்பு ஒன்று உண்டு. அது எலுமிச்சை வழியே வருகிறது. அவருடைய மருத்துவர்களுள் ஒருவரான யூத அறிஞர் இப்னு ஜுமைஃ, எலுமிச்சையின் பயன்களைப் பற்றித் தனி ஏடு ஒன்றை எழுதினார். ஆதாரமுள்ள அந்தச் செய்தி, ஆதாரமற்ற பெருமையைவிட மதிப்பு மிக்கது அல்லவா?

எதிர்த்திசைப் பயணங்கள்

இனி, ஹும்முஸ் கிண்ணத்திலுள்ள பொருள்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். கொண்டைக்கடலையின் காட்டு மூதாதை தென்கிழக்குத் துருக்கியில் இன்றும் வளர்கிறது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியில் பயிராக்கப்பட்ட கடலை கிழக்கு நோக்கி நகர்ந்தது. சிந்துவெளி நாகரிகக் காலத்து ஊர்களின் அகழாய்வுகளில் அது கிடைத்திருக்கிறது. இன்று உலகில் விளையும் கடலையில் பெரும்பங்கு இந்தியாவினுடையது. சிறிய, பழுப்பு நிறத் தடித்த தோலுடைய நாட்டுக் கடலையே இங்கு தொன்றுதொட்டு விளைவது. பெரிய வெள்ளைக் கடலை, சில நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆப்கானிஸ்தான் வழியாக வந்து சேர்ந்தது. காபூலிக் கடலை என்ற பெயர் அவ்வழியை இன்றும் நினைவூட்டுகிறது.

எள் எதிர்த்திசையில் சென்றது. இந்தியத் துணைக்கண்டத்தில் பயிராக்கப்பட்டு மேற்கே பரவிய விதை அது. அரபியர் அதனை ஸிம்ஸிம் என்றனர். எலுமிச்சையின் முன்னோர் வடகிழக்கு இந்தியாவைச் சார்ந்த நிலப்பகுதிகளுக்கு உரியவை; அப்பழத்தை மத்தியதரைக் கடலோரமெங்கும் பரப்பியதில் முஸ்லிம் வேளாளர்களுக்கும் வணிகர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. ஹும்முஸ் கஸாவில் இடம்பெறும் மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையின் விளைச்சல். இலவங்கப்பட்டைக்கு இலங்கை பெயர் பெற்றது. மலபாரையும் தமிழகத்தின் உள்நாட்டையும் இணைத்த பாலக்காட்டுக் கணவாயின் கீழ்வாயிலில் விரிந்திருப்பதுதான் கொங்கு நாடு என்பதையும் நினைவில் கொள்க.

ஆக, கடலை அங்கிருந்து இங்கு வந்தது. எள்ளும் எலுமிச்சையும் மிளகும் இங்கிருந்து அங்கு சென்றன. சென்றவையும் நின்றதும் ஒரு கிண்ணத்தில் சந்தித்து, ஹும்முஸ் என்ற பெயரோடு நம்மிடம் திரும்பி வந்திருக்கின்றன. ஹல்வாவும் சமோசாவும் சர்பத்தும் இப்படியே அரபு, பாரசீக நாடுகளின் வழியாக நம்மை அடைந்து நம்முடையவை ஆயின. சமோசாவின் முன்னோடியான ஸன்பூஸஜ் மேலே சொன்ன பக்தாத் நூல்களில் உண்டு. அதை இன்று எவரும் அரபுமயமாக்கல் என்று ஐயுறுவதில்லை.

கரிசல் மண்ணின் கடலை

2009 முதல் தனி மாவட்டமாக இயங்கிவரும் திருப்பூரைப் பின்னலாடை நகரமாகவே உலகம் அறியும். அம்மாவட்டத்தின் தென்பகுதியில், உடுமலைப்பேட்டையையும் குடிமங்கலத்தையும் சுற்றிய கரிசல் காடுகளில் மானாவாரியாகக் கொண்டைக்கடலை விளைகிறது என்பது நகரவாசிகளுள் பலர் அறியாத செய்தி. வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் விதைத்தால், பிறகு மண்ணில் தங்கிய ஈரமும் மார்கழிப் பனியுமே பயிரை வளர்த்துவிடும். ஏறத்தாழ மூன்று மாதத்தில் அறுவடை. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 3, கோ 4 முதலிய கடலை இரகங்களை உருவாக்கித் தந்துள்ளது. பருத்திக்குப் பேர்போன அதே கரிசல்தான் கடலைக்கும் தாய்.

கடலைச் செடியின் இலைகளிலும் காய்களிலும் நுண்ணிய மயிர்கள் ஒருவகைப் புளிப்பைச் சுரக்கின்றன. இரவில் தூய வெள்ளைத் துணியைப் பயிரின்மேல் விரித்து வைத்து, பனியோடு நனைந்த அத்துணியை விடியலில் பிழிந்து அப்புளிப்பைச் சேகரிக்கும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. சித்த மருத்துவர்கள் அதனைக் கடலைப் புளிப்பு என்பர். ஹலபின் சமையற்காரர் கடலையோடு காடியைச் சேர்த்தார். நம் முன்னோர் கடலைச் செடியிலிருந்தே காடியைப் பிழிந்தனர். கடலைக்கு உற்ற துணை புளிப்பே என்பதை இரு நாட்டாரும் தத்தம் வழியில் கண்டுகொண்டனர்.

திருப்பூரின் பனியன் தொழிலும் இவ்விடத்தில் ஒரு பாடம் சொல்கிறது. 1925இல் குலாம் காதர் என்னும் முஸ்லிம் பெருமகனார் தொடங்கிய பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ்தான் இந்நகரின் முதல் பின்னலாடை ஆலை எனத் தொழில் வரலாற்றை எழுதுவோர் குறிப்பிடுவர். பின்னல் இயந்திரம் இம்மண்ணில் பிறந்ததன்று. பருத்தியும் கைத்திறனும் உழைப்பும் இம்மண்ணுக்கு உரியவை. அரை நூற்றாண்டு கழிந்து, 1970களின் இறுதியில், திருப்பூர்ப் பனியன்கள் இத்தாலிக்கு ஏற்றுமதியாகத் தொடங்கின. வெளியிலிருந்து வந்த கருவியால் பின்னப்பட்டது என்பதற்காகத் திருப்பூர்ப் பனியனை அந்நியப் பொருள் என்பார் உண்டோ? வந்த பொருளை உள்ளூர்ப் பொருளால் நிரப்பித் தன்னுடையதாக்கிக் கொள்வதே இந்நகரின் இயல்பு. அடுக்களைக்கும் அது பொருந்தும்.

வீட்டில் செய்யும் முறை

கால் கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலையை நிறைய நீரில் இரவு முழுதும் ஊறவைக்க வேண்டும். வெயில் நாளில் இடையில் ஒருமுறை நீர் மாற்றாவிட்டால் புளித்துவிடும். காலையில் நீரை வடித்துக் கழுவி, புது நீரும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் சேர்த்துக் குக்கரில் வேகவைக்கலாம். இரு விரலால் அழுத்தியவுடன் குழைந்துபோகும் பதமே சரியான பதம். சுண்டலுக்குரிய பதம் போதாது. வெந்த நீரை ஒரு குவளை எடுத்து வைத்துக்கொள்க. மிதந்து வரும் தோல்களை அகற்றினால் விழுது மென்மையாகும்.

நூறு கிராம் வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்து ஆறவைத்து, சிறிது எண்ணெய் விட்டு நெகிழ அரைத்தால் அதுவே தஹீனா. கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அரைப்பதற்கு நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஆட்டுக்கல்லை மின்விசையில் சுழலவைத்து, அதற்குப் புவிசார் குறியீடும் பெற்ற ஊர் நம் பக்கத்துக் கோவை. எள் விழுதுடன் இரண்டு எலுமிச்சையின் சாறு, இரண்டு மூன்று பல் பூண்டு, தேவையான உப்பு ஆகியவற்றை முதலில் அரைக்க வேண்டும். விழுது இறுகும், குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக விட்டால் வெளுத்து நெகிழும். அதன் பின்னரே கடலையைச் சேர்த்து, எடுத்துவைத்த நீரை வேண்டிய அளவு விட்டு வெண்ணெய் போல அரைத்தெடுக்க வேண்டும்.

சுவைகூட்டுவதற்குப் பழைய நூல்களே வழிகாட்டுகின்றன. எலுமிச்சைச் சாற்றைப் பாதியாகக் குறைத்து, மிளகாய் சேராத உப்பெலுமிச்சை ஊறுகாயின் துண்டு ஒன்றையும் ஒரு பிடி புதினாவையும் சேர்த்தால் ஹலப் முறையை ஒட்டி அமையும். வறுத்துப் பொடித்த மிளகு, கொத்தமல்லி விதை, பட்டையோடு உடைத்த வாதுமையும் கலந்து ஓரிரவு குளிரில் வைத்தால் கெய்ரோ முறையின் சாயல் கிட்டும். வேகவைத்த பீட்ரூட்டை நீர் வடித்தே சேர்க்க வேண்டும். இல்லையேல் குழைவு நீர்த்துவிடும். மேலே ஊற்ற ஒலிவ எண்ணெய் இல்லாவிடில் நல்லெண்ணெய் குற்றமன்று. எள்ளுக்கு எள் உறவுதானே. ஆனால் மணம் மிக்கதாகையால் ஒரு தேக்கரண்டி போதும். கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் அதில் தாளித்துக் கொட்டினால் கொங்கு மணம் கமழும். குடிமங்கலத்து நாட்டுக் கடலையிலும் செய்யலாம். கூடுதல் நேரம் வேகவைத்து, தோல் நீங்கச் சல்லடையில் மசித்துக்கொள்ள வேண்டும். நிறம் கருமை கலந்திருப்பினும் சுவையில் குறைவில்லை. குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் உண்டுவிடுவது நல்லது.

எவருக்கு உரியது?

2008இல் லெபனான் நாட்டுத் தொழிலதிபர்கள் ஹும்முஸைத் தம் நாட்டின் தனியுரிமைப் பொருளாக அறிவிக்கச் செய்ய முயன்றனர். இஸ்ரேல் அதனைத் தன்னுடையதாகச் சந்தைப்படுத்துகிறது என்பது அவர்களின் மனக்குறை. தொடர்ந்து பெருந்தட்டுப் போட்டிகள் நடந்தன. 2010 ஜனவரியில் ஜெருசலத்துக்கு அருகிலுள்ள அபூகோஷ் என்னும் அரபுச் சிற்றூரில் 4,090 கிலோ ஹும்முஸ் செய்து உலக சாதனை படைத்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் லெபனானியர் 10,452 கிலோ செய்து அதனை முறியடித்தனர். தம் நாட்டின் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர் என்பதை உணர்த்தவே அவ்வெண்ணைத் தேர்ந்தனர். நிலமும் வீடும் பறிக்கப்பட்ட மக்களுக்கு உணவின் பெயரும் பறிபோகும்போது எழும் வேதனை நாம் மதிக்க வேண்டியது. தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்துவந்த ஷாம் நாட்டு மக்களின் பெயரைச் சொல்லாமல் ஹும்முஸைப் பேசுவது நன்றி மறத்தலாகும்.

ஆயினும் மூலத்தைப் போற்றுவது வேறு. மூலத்தைப் பொய்யாகப் புனைவது வேறு. அரபு உணவு என்பதற்காக நோன்புக் கஞ்சியை ஒதுக்கி ஹும்முஸைத் தலையில் வைப்போர் வரலாற்றை அறியாதவர். அந்நியம் என்பதற்காக அதனை வெறுப்போரும் தம் எள்ளையும் எலுமிச்சையையும் மிளகையும் அறியாதவர். கஞ்சிக்கும் கடலைக்கும் ஒரே விரிப்பில் இடம் உண்டு.

பிகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்து திருப்பூரின் பனியன் நிறுவனங்களில் உழைக்கும் முஸ்லிம் தோழர்களுக்கு, வேகவைத்துத் தாளித்த கொண்டைக்கடலை இல்லாமல் நோன்பு திறப்பது நினைத்தும் பார்க்க முடியாதது. நம் கஞ்சி அவர்களுக்குப் புதிது. அவர்களின் கடலை நமக்குப் புதிதன்று. வரும் ரமளானில் கஞ்சிக் கோப்பையை அவர்கள் முன் நகர்த்தும் கை, மிளகும் புதினாவும் சேர்த்து வீட்டில் அரைத்த ஒரு கிண்ணம் ஹும்முஸையும் நகர்த்தட்டும். பத்தாயிரம் ஆண்டுகள் ஊர் ஊராக நடந்த கடலை, இந்தக் கரிசல் ஊரில் அவர்களையும் நம்மையும் ஒரே விரிப்பில் அமர்த்தட்டும்.